கடலில் ஒரு வெள்ளாமை

மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் பெண்களின் கணக்கு எளிமையானது. ஒருவருக்கு 45 மிதவை. நாளுக்கு ஒன்று வீதம் கடலில் இறக்கிக்கொண்டே போனால், கடைசி மிதவை இறங்கும்போது முதல் மிதவை அறுப்புக்கு வந்திருக்கும். பிறகு தினம் ஓர் அறுப்பு, தினம் ஒரு நடவு. 45 நாள் பயிருக்கு யாரோ அழகாகப் போட்டுக் கொடுத்த கணக்கு. அதில் கடல் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

நடவு நடப்பது கரையில்தான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதற்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசி. ஆக, ஒரு மிதவைக்கு 400 முடிச்சு, 60 கிலோ விதை. இறுக்கினால் தண்டு ஒடியும். தளர விட்டால் முதல் அலையே உருவிக்கொண்டு போகும். அடியில் பழைய வலையைக் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 60 கிலோ 240 கிலோ ஆகும். அதில் 60 கிலோ மறுபடி விதைக்கு. மிச்சம் 180 கிலோவை வெயிலில் காயப்போட்டால் தேறுவது ஏறக்குறைய 18 கிலோ. காசு அந்தப் பதினெட்டுக்குத்தான்.

இந்தப் பாசி நம் கடலில் பிறந்ததல்ல. பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் கொண்டுவந்து, மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் இறங்க, கரையில் அதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர் நின்றுவிட்டது. 2008இல் நிறுவனம் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது, பெயர் போகவில்லை. ஐஸ்கிரீம் உருகி ஓடாமல் இருக்கவும் பற்பசை கெட்டியாக நிற்கவும் சேர்க்கும் காராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. பல் துலக்கும் நமக்கும் பாம்பன் கடலுக்கும் இப்படி ஓர் உறவு.

மிதவை வருவதற்கு முன்பே பாசி இங்கே பெண்கள் தொழில்தான். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவானதும், பாட்டி காலத்துத் தொழில் திடீரென்று அத்துமீறலாகிவிட்டது. அவர்களோ மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவிடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. வளங்குன்றா வாழ்வாதாரம் பற்றிக் கருத்தரங்குகளில் பாடம் எடுக்கிறவர்கள், முதலில் இவர்களிடம் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

வளர்ப்புக்கு வருவோம். 2001இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி, 2013 வாக்கில் 1,500 டன்னைத் தொட்டது. வீட்டுக் கடன் அடைந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அதே 2013இல் கடல் சுட்டது. பாசி வெளுத்து, நொந்து, கயிற்றிலிருந்து கழன்று விழுந்தது. விற்கவும் இல்லை, விதைக்கும் இல்லை. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் தொழில் தலைதூக்கவே இல்லை. சூடு தப்பினாலும் வாடைக் காலம் இருக்கிறது. மிதவைகள் நிற்கும் வடகடல் பொங்கினால் அவை மூங்கில் மூங்கிலாகக் கரை ஒதுங்கும்.

இந்தப் பாசி பவளப்பாறையை மூடிவிடும் என்ற பயமும் வெறும் பூச்சாண்டி அல்ல. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்துவிட்டதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தீவுகள் இருக்கும் தென்கடலில் இதை மறுபடி இறக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. வேகமாக வளர்கிறது என்பதற்காக ஒரே பாசியை நம்பிக் கிடப்பதும் சரியல்ல. நம்முடைய கஞ்சிப்பாசி இருக்கிறது, மரிக்கொழுந்து இருக்கிறது. மெதுவாக வளரும், ஆனால் ஊர்க்கடலுக்குப் பழகியவை. ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கமும் போகட்டும்.

இப்போது மறுபடி ஊக்கம் பிறந்திருக்கிறது. ஒன்றிய அரசின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம். வளமாவூரில் ரூ. 127 கோடிக்கு மேல் செலவில் பாசிப் பூங்கா. நல்லது. ஆனால் மானியம் மூங்கிலும் கயிறும் வாங்கத்தான் ஆகும். பாசி செத்தால் அடுத்த 45 நாளைக்குக் கஞ்சிக்கு என்ன வழி? நெல் மூழ்கினால் வட்டாட்சியர் வந்து கணக்கெடுக்கிறார், ஏக்கருக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவிக்கிறார்கள். 400 முடிச்சுப் போட்டவளும் விவசாயிதான். மிதவைக்கு இவ்வளவு என்று அவளுக்கும் நிவாரணம் அறிவியுங்கள். விதை செத்துப்போனால் மறுவாரமே எடுத்துக்கொடுக்க மண்டபத்தில் அரசு விதைப்பண்ணை ஒன்றை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு துளி போதும் இதற்கு.