மாதச் சராசரியும் நான்கு நொடி செக்மென்ட்டும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட சேவைத் தர ஒழுங்குமுறையில் லேட்டன்சி, ஜிட்டர், பாக்கெட் இழப்பு மூன்றும் இடம்பெற்றுவிட்டன. மொபைல் தர அறிக்கை 2025 ஏப்ரலிலிருந்து காலாண்டுக்குப் பதில் மாதக்கணக்கில் பார்க்கப்படுகிறது. எங்கே 4ஜி, எங்கே 5ஜி என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட்டாக வேண்டும். மூன்றும் நல்ல காரியங்கள். ஆனால் அந்த வரைபடத்தையும் அறிக்கையையும் வைத்துப் பிளேயரின் தொடக்க பிட்ரேட்டை முடிவு செய்யலாமா என்றால், கூடாது என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

கும்மிடிப்பூண்டியையே எடுத்துக்கொள்வோம். வரைபடம் காட்டுவது சிக்னலை, நெரிசலை அல்ல. ஷிப்ட் விட்டதும் உருட்டாலைகளிலிருந்தும் ஃபவுண்டரிகளிலிருந்தும் வெளியே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே செல்லைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் வீடியோ கால் போகிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து கடல் கடந்த உறவுகளுக்குப் போகிறது. சிக்னல் அளவான ஆர்எஸ்ஆர்பி அசையாமல் நிற்க, த்ரூபுட் மட்டும் சரிகிறது. இரும்புத் தகடு வேய்ந்த ஷெட்டுக்குள் நுழைந்தால் சிக்னலும் சரிகிறது. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குப் போகும் ரயிலில் உரிம வட்டமே ஆந்திராவாகிவிடுகிறது. அந்த மாற்றத்தில் ஐபி முகவரி மாறினால் டிசிபி இணைப்பு அறும். க்விக் நெறிமுறையின் இணைப்பு இடப்பெயர்வை இன்னும் இயக்காதவர்கள் இந்தப் பாதையை மனதில் வைத்தாவது இயக்க வேண்டும்.

சராசரி இவற்றில் எதையும் சொல்லாது. ஒரு நிமிடத்தில் 40 நொடி 9 எம்பிபிஎஸ், 20 நொடி சுழியம் என்றால் சராசரி 6. சீராக 6 வரும் இணைப்புக்கும் சராசரி 6தான். பஃபரில் 12 நொடி வைத்திருப்பவருக்கு முதல் இணைப்பில் 8 நொடி படம் உறைகிறது, இரண்டாவதில் ஒன்றும் ஆகாது. செக்மென்ட் நான்கு நொடி என்றால், பிட்ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் ஏபிஆர் நான்கு நொடிக்கு ஒரு முடிவு எடுக்கிறது; அறிக்கையோ மாதத்துக்கு ஒன்று. அண்ணா சாலையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் ஒரே தமிழ்நாடு வட்டத்தின் கணக்கில் சேர்கின்றன.

இந்த இதழ் விடாமல் கேட்டுவருவது ஒன்று உண்டு: நம் நெட்வொர்க்கின் டிரேஸ்கள், அதாவது நேரவாரி வேகப் பதிவுகள். 2017இல் வந்த பென்சீவ் என்ற ஏபிஆர் அல்காரிதம், அமெரிக்க எஃப்சிசி தரவிலும் நார்வேயின் 3ஜி டிரேஸ்களிலும் பயிற்சி பெற்றது. இன்றும் நம் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுப்பது அதே ஆஸ்லோ டிராம், படகு, பேருந்துப் பதிவுகளைத்தான். சிமுலேட்டரில் பயின்றது நிஜ நெட்வொர்க்கில் தடுமாறும் என்பதை 2020இல் ஸ்டான்ஃபோர்டின் பஃபர் (Puffer) திட்டம் காட்டிவிட்டது. ஓடும் இடத்திலேயே கற்ற ஃபூகு அல்காரிதம்தான் அங்கே முந்தியது. அந்தத் திட்டத்தின் பார்வையாளர்களும் அமெரிக்காவில் இருப்பவர்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஓட வேண்டிய அல்காரிதம் எங்கே பாடம் படிப்பது?

தரவு இல்லாமலில்லை. 2016 முதல் டிராயின் மைஸ்பீட் செயலியில் லட்சக்கணக்கானோர் தாமாக முன்வந்து சோதனை செய்து தருகிறார்கள். வெளியாகும் கோப்பில் ஒரு சோதனைக்கு ஒரு வேகம், ஒரு சிக்னல் அளவு, வட்டத்தின் பெயர். எந்த ஊர், எந்த நேரம் என்பதே கிடையாது. டிராயின் டிரைவ் டெஸ்ட் வாகனங்கள் சாலை நெடுகத் தொடர்ந்து பதிவு செய்கின்றன. நமக்குக் கிடைப்பதோ சராசரி அட்டவணை. மக்கள் பணத்தில் ஓடும் வாகனம் அது. பதிவை வெளியிடக் கூடுதல் செலவில்லை, சட்டத் தடையும் தெரியவில்லை, தனிமனிதர் அடையாளமும் அதில் இல்லை. பிறகு ஏன் பூட்டி வைக்கிறார்கள்? சராசரி பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. அந்த அழகுக்கான விலையைக் கொடுப்பது ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளையின் முகம் பார்க்க முயல்கிற தொழிலாளி.

டிராயின் அடுத்த கலந்தாய்வு அறிக்கைக்கு வாசகர்கள் கருத்து அனுப்பும்போது இதைக் கேளுங்கள்: டிரைவ் டெஸ்ட்டின் நொடிவாரி த்ரூபுட், இடம், நேரம், செல் அடையாளத்துடன், பதப்படுத்தாமல். அதுவரை தொடக்க பிட்ரேட்டைக் குறைவாகவே வையுங்கள், பஃபரை நம்புங்கள், உங்கள் பிளேயர் பதிவுகளை அழிக்காதீர்கள்.