இன்சூரன்ஸ் பில்லைக் கணவன் மனைவி இருவரும் படியுங்கள்

இந்த மாதம் எங்கள் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். போன வருஷத்தைவிட 1,800 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. ஏஜென்டைக் கேட்டால், "கவர்மென்ட் ஏத்திட்டாங்க சார்" என்கிறார். உறையூரில் இன்னும் நாலு பேரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

அரசு நிர்ணயிப்பது தேர்டு பார்ட்டி கட்டணத்தை மட்டும். எங்கள் 1,200 சிசி காருக்கு அது 3,416 ரூபாய். 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த தொகை (அதற்கு முன் 3,221). இப்போதைய பில்லிலும் அதே 3,416தான்! நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தை 2007 முதல் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. கார் பழசாகி அதன் மதிப்பு குறைந்திருக்கிறது. க்ளெய்ம் கேட்காததால் போனஸ் 35-லிருந்து 45 சதவீதம் ஆகியிருக்கிறது. கணக்குப்படி பில் இறங்க வேண்டும். போன வருஷத் தள்ளுபடியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு அரசைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

"ஏங்க, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா போதாதா?" என்றார் என் மனைவி. பென்ஷன் குடும்பத்தில் வரவேண்டிய கேள்விதான். ஆனால் 2005 வெள்ளத்தில் திருச்சி பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். தேர்டு பார்ட்டி பாலிசி, மூழ்கிய நம் காருக்கு ஒரு பைசா தராது. முழு பாலிசியிலும் தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். அதை வைத்துக்கொண்டு, சாவிக்கு, டயருக்கு என்று கேட்காமலே ஒட்டியிருந்தவற்றை எடுக்கச் சொன்னோம். ஏறிய தொகையில் பாதிக்கு மேல் இறங்கியது.

பில்லை வரிவரியாகப் படித்த என் மனைவி கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம். "இந்த 15 லட்சம் விபத்துக் காப்பீடு எனக்கும் உண்டா?" இல்லை. ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்ரீரங்கம் போனாலும் ஆஸ்பத்திரி போனாலும் ஓட்டுவது அவர், காப்பீடு எனக்கு!

15 லட்சத்துக்குத் தனியாக விபத்து பாலிசி வைத்திருந்தால், கார் பாலிசியில் அதைக் கட்டாமல் விடலாம். 2019-லிருந்தே இப்படி இருக்கிறது. எந்த ஏஜென்டும் வாய் திறப்பதில்லை. ஆளுக்கொரு பாலிசி எடுக்க முடிவு செய்திருக்கிறோம். இறங்கிய பணம் அதற்கே போய்விடும், போகட்டும்.

உங்கள் வீட்டில் கார் யார் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது யார்? கமென்ட்டில் சொல்லுங்கள்.