கண்மாய் யாருடைய சமூகச் சொத்து?

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளைத் திறந்தால் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்கள் பெருகும். கண்மாய் பெருகினால் மட்டும் வயல் நனைந்துவிடாது. கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி மடை அடைப்பைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும். ராத்திரியெல்லாம் வாய்க்கால் வரப்பில் கிடந்து, கடைமடை வரைக்கும் தண்ணீரைப் பங்கு வைக்க ஒரு ஆள் வேண்டும். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பேர் மாறும். ஆள் மாறுவதில்லை. பெரும்பாலும் சேரியாள்தான். கூலி, களத்து மேட்டில் அளந்து போடுகிற நெல்.

இந்த ஆளைப் பற்றித்தான் பொதுக்கொள்கை ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் முப்பது வருசமாக ஒப்பாரி வைக்கிறார்கள். “பாரம்பரிய நீர் மேலாண்மை அழிந்துவிட்டது, நீர்ப்பாய்ச்சி முறை சிதைந்துவிட்டது” என்று அறிக்கை மேல் அறிக்கை. ஏன் சிதைந்தது என்று சேரிக்குள் வந்து கேட்டார்களா? மடை திறந்த அதே ஆள்தான் ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போக வேண்டும். செத்த மாட்டை இழுக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் ஒரே குடிமைக் கட்டு. ‘போங்கய்யா, நீங்களும் ஒங்க நெல்லும்’ என்று எங்கள் பிள்ளைகள் துண்டை உதறிவிட்டுப் போனார்கள். உங்களுக்கு அது ‘சிதைவு’. எங்களுக்கு அது விடுதலை. 2003இல் தமிழ்நாட்டுக் கண்மாய்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய டேவிட் மாஸ்ஸே என்ற ஆங்கிலேய மானிடவியலாளருக்குத் தெரிந்த இந்தச் சாதிச் சங்கதி, இங்கேயே பிறந்து வளர்ந்த நிபுணர்கள் பலருக்குத் தெரியாமல் போனது எப்படி?

‘சமூகம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பொதுவளங்களைச் சமூகமே காப்பாற்றும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. யார் உள்ளே, யார் வெளியே என்று எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் விதி. நம்மூரில் அந்த எல்லையைப் புதிதாகப் போடவா வேண்டும்? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எப்பவோ போட்டுவிட்டார்களே! தொண்டு நிறுவனத்தார் வந்து ஊர் மந்தையில் கோலப்பொடியால் வரைபடம் போட்டு, ‘மக்கள் பங்கேற்பு’ என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மந்தையில் சரிசமமாக உட்கார முடியாதவன் எந்த வரைபடத்தில் பங்கேற்பது?

சட்டமும் இந்தப் பங்கேற்பின் லட்சணத்தில்தான் இருக்கிறது. 1995இல் உலக வங்கிக் கடனில் நீர்வளத் தொகுப்புத் திட்டம் வந்தது. 2000இல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் நீர்வள நிலவளத் திட்டம். அந்தச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். நிலமில்லாதவன் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தாலும் ‘பயன்படுத்துவோர்’ கணக்கில் வரமாட்டான். கேட்டால், ‘நெலம் இருக்கவன்தான் மெம்பரு, ஒனக்கென்ன சோலி?’ என்பார்கள். நூறு நாள் வேலையில் கண்மாய் மண்ணைத் தலையில் சுமந்த பெண்களுக்கும் அதே பதில்தான். மீன் குத்தகை, கருவேல மர ஏலம், வண்டல் மண் என்று கண்மாயில் வருகிற வருமானத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு வாயில்லை.

2017இல் குடிமராமத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். முதல் கட்டம் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் கையில். நம் முன்னோர்கள் மனமுவந்து செய்த மராமத்து என்று மேடையெல்லாம் முழங்கினார்கள். மனமுவந்து செய்த வேலைக்கு 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்குப் போட்டான்? ஊர்ப்பொது வேலை என்றால் மண்வெட்டி எந்தத் தெருவிலிருந்து போயிருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஆய்வே வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் ஒரு அறிக்கை எழுதினார். பறையர்களுக்கு நிலமில்லை, நிலம் கிடைக்காமல் தடுப்பது யார் என்று சாதிப் பெயர் சொல்லி எழுதினார். மறு வருசமே பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போய் 1994இல் காரணையில் இரண்டு பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சாதியைப் பெயர் சொல்லி எழுதிய அறிக்கைக்கு அத்தனை வலு. ‘சமூகம்’ என்று பூசி மெழுகிய அறிக்கைகள் சேரிக்கு ஒரு சென்ட் நிலம் வாங்கித் தந்திருக்கின்றனவா?

கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். அதே கிராமத்தைத்தான் ‘சமூகம்’ என்று பெயர் மாற்றி நம்மிடம் திரும்ப விற்கிறார்கள்.

நாம் கேட்பது இதுதான். பாசனச் சங்கத்தில் நிலமில்லாதவர்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பெண்களுக்கும் உறுப்பினர் உரிமையும் ஓட்டும் வேண்டும். மீன், மர ஏலப் பணத்தில் சேரிக்குப் பங்கு வேண்டும். மடை திறக்கும் வேலையை எந்தச் சாதிக்காரனும் மனுப்போட்டுச் சேரும் அரசு வேலையாக்கி மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கண்மாய் பற்றி எழுதுகிற ஒவ்வொரு அறிக்கையிலும் நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது என்று சாதிவாரிக் கணக்கு இருக்க வேண்டும். அதுவரைக்கும் ‘மக்கள் பங்கேற்பு’ என்று சொல்லிக்கொண்டு எங்கள் தெருவுக்குக் கையெழுத்து வாங்க வராதீர்கள்.