கள்ளச் சாவி வேண்டாம்!

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடையில் பத்துப் பேர் கூடினால் பதினோரு அபிப்பிராயம் கிளம்பும். மழை ஏன் பொய்த்தது, வெங்காய விலை ஏன் ஏறியது, தேர்தலில் யார் தோற்பார் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விடை உண்டு. அதில் தவறில்லை. பேச்சு இல்லாமல் ஊர் ஏது? ஆனால் ஓர் ஆகாய விமானம் காணாமல் போனாலும் ஐந்தே நிமிஷத்தில் விடை சொல்லி விடுகிறோமே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

2014ஆம் ஆண்டு மார்ச் 8ந் தேதி நள்ளிரவு தாண்டி, கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நகருக்கு ஒரு மலேசிய விமானம் கிளம்பியது. எம்.எச்.370 என்பது அதன் எண். விமானத்தில் இருந்தவர்கள் 239 பேர். அவர்களில் ஐவர் இந்தியர். புறப்பட்டு முக்கால் மணி நேரத்துக்குள் விமானம் ராடார் திரையிலிருந்து மறைந்தது.

உடனே உலகம் முழுவதும் ஊகங்கள் பறந்தன. "சுட்டு வீழ்த்தி விட்டார்கள்" என்றார் ஒருவர். "கடத்திக்கொண்டு போய் ரகசியத் தீவில் இறக்கி விட்டார்கள்" என்றார் இன்னொருவர். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே ஒரு மந்திரவாதி தேங்காயும் கையுமாக வந்து சேர்ந்தார்! பிரயாணிகளில் இருவர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியது தெரிந்ததும், "பயங்கரவாதிகள்!" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். விசாரித்தால், அவர்கள் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் புறப்பட்ட ஈரானிய வாலிபர்கள்!

வதந்தியின் தாய்

ஜனங்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வதந்தியைப் பெற்றெடுக்கும் தாய், அதிகாரிகளின் மௌனம். விமானம் திசை மாறி மேற்கே திரும்பியது ராணுவ ராடாரில் பதிவாகியிருந்தது. ஆனால் ஒரு வார காலம் கப்பல்கள் தென் சீனக் கடலில் தேடிக்கொண்டிருந்தன. மார்ச் 15ந் தேதிதான் மலேசியப் பிரதமர் உண்மையை வெளியிட்டார். உண்மை வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், பொய் ஊரைச் சுற்றி வராமல் என்ன செய்யும்?

பிறகு இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடல் அடியைத் துழாவினார்கள். விமானம் கிடைக்கவில்லை. 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் இறக்கையின் ஒரு பகுதி கரை ஒதுங்கியது. 2018இல் வந்த மலேசிய அறிக்கை, காரணத்தை நிர்ணயிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. விமானம் திரும்பியது யாரோ கையால் ஓட்டியதனால் இருக்கலாம் என்கிறது அறிக்கை. அந்தக் கை யாருடையது என்று அது சொல்லவில்லை. நிபுணர்களே சொல்லத் தயங்கிய பெயரை நாம் சொல்லலாமா?

நம் பக்கத்து மலைகளில்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். 1971 டிசம்பர் 9ந் தேதி, மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் மாண்டார்கள். அன்று திண்டுக்கல்லும் சின்னமனூரும் ஒரே மதுரை ஜில்லா. நாடு யுத்தத்தில் இருந்த சமயம் அது. ஆனால் அந்த விமானத்தை மாய்த்தது எதிரியின் குண்டு அல்ல. பார்வையை மறைத்த வானிலையும், எதிரே நின்ற மலையுந்தான்.

அதற்கும் முன்னால், 1950 டிசம்பர் 13ந் தேதி, நீலகிரியில் கோத்தகிரி அருகே ஒரு விமானம் மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்டு என்னும் பெரிய புள்ளியியல் மேதை. சொற்பொழிவாற்ற இந்தியா வந்தவர்; மனைவியுடன் மாண்டார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் சொன்ன பாடம் விசேஷமானது. போரிலிருந்து திரும்பி வந்த விமானங்களின் குண்டுக் காயங்களை மட்டும் எண்ணினால் போதாது. திரும்பி வராதவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் அவர். விமானத்தை வீழ்த்திய காயம், வராத விமானத்தில் அல்லவா இருக்கிறது?

ஊகத்துக்கும் இது பொருந்தும். நூறு பேர் நூறு விதமாகச் சொன்னால், ஒன்று தற்செயலாகப் பலிக்கும். "நான் அன்றே சொன்னேன்" என்று அவர் மார் தட்டுவார். பலிக்காத தொண்ணூற்று ஒன்பதும் கடலில் மூழ்கிய விமானம் போல மறைந்துவிடும். அவற்றை யார் எண்ணுகிறார்கள்?

பூட்டும் சாவியும்

பூட்டுக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. நல்ல தொழிலாளி பூட்டின் உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் சாவியை அராவுவார். வதந்திக்காரரோ ஒரே சாவியை வைத்துக்கொண்டு உலகத்துப் பூட்டையெல்லாம் திறக்கப் பார்க்கிறார். கள்ளச் சாவி பூட்டைத் திறக்காது, பூட்டைத்தான் கெடுக்கும்.

கெடுவது பூட்டு மட்டுமா? வீட்டில் ஒரு தாய், போன மகனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "உயிரோடு தீவில் இருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவளுக்குத் துக்கப்படவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. விமானியின் வீட்டிலோ, "உன் அப்பாதான் கொன்றார்" என்ற பேச்சைக் குழந்தைகள் கேட்க வேண்டும். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?

2016 ஜூலை 22ந் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற நமது விமானப் படை விமானம் 29 பேருடன் மறைந்தது. சுமார் ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் விடை கிடைத்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கருவி, வங்காள விரிகுடாவில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது. அந்த வீடுகளுக்கு விடை தந்தது ஜோசியமல்ல, பொறுமையான தேடல்.

ஆகவே கேள்வி கேட்போம், தாராளமாகக் கேட்போம். விபத்து நடந்த 30 நாளில் முதல் அறிக்கை வரவேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு. அது வந்ததா என்று அரசாங்கத்தை உலுக்கிக் கேட்போம். தேடலை நிறுத்தாதே என்று சொல்வோம். ஆனால் சாட்சியம் வரும் முன் ஒரு மனிதன் பெயரைச் சொல்லிக் கொலைகாரன் என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. "இன்னும் தெரியவில்லை" என்று சொல்வது அவமானமல்ல. சில சமயம் அதுதான் உண்மைக்கும், மாண்டவர்களுக்கும் நாம் காட்டும் மரியாதை.