பூனை மணமும் வேலிச் சண்டையும்



காணிப் பிரச்சினை, நுண்கடன், வீட்டு வன்முறை என்று எழுதப்படுகிற இடத்தில் இம்முறை பூனை மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். கிராமங்களுக்குப் போய் வருகிற எங்களுக்குத் தெரியும், அயலவர்களின் சண்டைகள் பல வேளைகளில் பெரிய காரணங்களால் வருவதில்லை. வேலிக்கு மேலால் விழுகிற முருங்கையிலை, கழிவுத் தண்ணீர், கோழி, பூனை இவற்றால்தான் வருகின்றன. அதிலும் பூனை மணத்தால் வருகிற சண்டைக்குத் தனிக் குணம் உண்டு. கோழி வந்து கீரையைக் கொத்தினால் "உன்ர கோழியைக் கட்டி வை" என்பார்கள். பூனை மணந்தால் "அவளின்ர வீடு மணக்குது" என்பார்கள். குற்றம் மிருகத்திலிருந்து பெண்ணுக்கு மாறிவிடுகிறது. அவள் தனித்து வாழ்கிறவளாக இருந்தால், "துப்புரவில்லாதவள்" என்ற பெயர் கிணற்றடி வரைக்கும் போய்விடும்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில் நான்கு பூனைகளுடன் வாழ்கிறார். முதலாவது பூனை எலிக்காக வந்தது. மீளக் குடியேறிய காலத்தில் பற்றையாகிக் கிடந்த வளவுகளில் எலியும், எலியைத் தேடி வந்த பாம்பும் படுத்திய பாடு உங்களில் பலருக்குத் தெரியும். பிறகு அது குட்டி போட்டது. அந்தக் குட்டியும் போட்டது.

மகள் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோதுதான் பிரச்சினை முற்றியது. அது மாரி காலம். "உள்ளுக்கை வரவே வயித்தைப் பிரட்டுது அக்கா. ஒண்டில் பூனை, இல்லாட்டி நான்" என்றாள் மகள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அங்கால் நின்று, "மிஸ், ஒருக்கா இஞ்சாலை வந்து நிண்டு பாருங்கோ" என்று கூப்பிட்டார். மருமகன் நான்கையும் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட ஆயத்தமாக இருந்தார். அம்மா மாத்திரம், "எனக்கு ஒரு மணமும் தெரியேல்லைப் பிள்ளை, எல்லாரும் சேர்ந்து சொல்லுகினம்" என்றார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே மணத்துக்குள் நாள் முழுக்க இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சந்தையில் கருவாடு விற்கிறவருக்குக் கருவாட்டு மணம் தெரியாததும் இதனால்தான். ஆகவே வெளியாள் வந்து மணக்கிறது என்று சொன்னால் கோபிக்க வேண்டாம், நம்புங்கள். சொல்லுகிறவர்களும் வேலிக்கு மேலால் கத்தாமல் வந்திருந்து சொன்னால் நல்லது.

பூனைகளை ஏன் விட முடியாது என்று கேட்டேன். அம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "இரவிலை ஒரு சத்தம் கேட்டால் பூனையெண்டு நினைச்சுக்கொண்டு படுக்கலாம் பிள்ளை. பூனை இல்லாட்டி என்னத்தையெண்டு நினைக்கிறது?"

தனியே இரவைக் கழிக்கிற சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூனையை விட்டுவிடு என்று சொல்வதற்கு முதல், மணத்தைப் போக்க வழி பார்ப்போம் என்று நான் சொன்னது இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான்.

பூனையின் மூத்திரம் ஏன் இப்படி மணக்கிறது? வரண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழி வந்தது வீட்டுப்பூனை. குறைந்த தண்ணீரோடு வாழப் பழகிய உடம்பு. அதனால் மூத்திரம் செறிவாக வருகிறது. அதிலுள்ள யூரியாவைப் பக்றீரியாக்கள் உடைக்கும்போது அமோனியா வாயு உண்டாகும். கண்ணைக் கரிக்கிற அந்தக் காரமணம் அதுதான். போன உடனே இருப்பதைவிட அடுத்த நாள் கூடுதலாக மணப்பதற்கும் இதுவே காரணம். இதற்கு மேலால், கடுவன் பூனையின் மூத்திரத்தில் கந்தகம் சேர்ந்த பீலினின் என்ற பொருள் அதிகம். அது சிதையும்போது வருகிற மணத்தைத்தான் "கடுவன் நாத்தம்" என்கிறோம். கடுவன் வாலை உயர்த்திச் சுவரிலும் கதவு நிலையிலும் பீச்சுவது மூத்திர அவசரத்தால் அல்ல, தன் எல்லையைக் குறிப்பதற்காக. எவ்வளவு கழுவினாலும் அது திரும்ப வந்து பீச்சும். நலம் அடித்துவிட்டால் பெரும்பாலான கடுவன்களில் இந்தப் பழக்கமும் மணமும் வெகுவாகக் குறைந்துவிடும்.

பூனை இயல்பாகவே துப்புரவான பிராணி. காய்ந்த பொருமிய மண் கிடைத்தால் கிண்டிப் போய் மூடிவிடும். மாரியில் வளவெல்லாம் சேறானால் அதற்கு அந்த மண் இல்லை. எனவே வீட்டுக்குள் காய்ந்து பொருமியிருப்பதைத் தேடும். அந்த அம்மாவின் வீட்டில் அது அடுப்புச் சாம்பலாக இருந்தது. அடுப்பிலே பூனை படுத்திருக்கிறது என்று வறுமைக்குச் சொல்லுவோம், இங்கே அடுப்பு பூனையின் கக்கூசாகவும் ஆகிவிட்டது. அடுத்த நாள் அந்த அடுப்பை மூட்டினால் வீடு முழுக்கப் பரவாமல் என்ன செய்யும்?

அம்மாவும் பூனைக்கென்று ஒரு பேசினில் மணல் வைத்திருந்தார். ஒரு பேசின், நான்கு பூனை, கிழமைக்கு ஒரு தரம் மாற்றிய மணல். மணல் மூத்திரத்தை உறிஞ்சாது. கீழே வடிந்து அடியில் தேங்கிக் கிடக்கும். மேலே பார்த்தால் காய்ந்த மணல், கிளறினால் கண் எரியும். பூனைக்கு எங்களை விட மூக்குக் கூர்மை. அழுக்கான பேசினை அது ஒதுக்கிவிட்டுக் கதவு மூலைக்குப் போய்விடும். அடித்துத் திருத்த முடியாது. அடித்தால் ஒளித்திருந்து போகப் பழகும், அவ்வளவுதான்.

மணல் சரிவராது என்பதை வேறு நாட்டவர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் தன் பூனைக்குச் சாம்பல் போட்டு, வீடெல்லாம் சாம்பல் கால்தடமாகிப் போக, 1947இல் எட்வர்ட் லோ என்ற அயலவரிடம் மணல் கேட்டுப் போனார். அவர் மணலுக்குப் பதிலாகத் தன்னிடம் விற்பனைக்கு இருந்த, ஈரம் உறிஞ்சும் களிமண் குறுணியைக் கொடுத்தார். இன்று கொழும்புக் கடைகளில் பையில் அடைத்து விற்கிற பூனை மண்ணின் வியாபாரம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தப் பையின் விலை எங்களுக்குக் கட்டாது. ஆனால் உறிஞ்சுகிற பொருள் எங்களிடம் இல்லாமலில்லை.

நாங்கள் செய்தது இதுதான். அரிசி ஆலையில் உமியும், தச்சுப் பட்டறையில் மரத்தூளும் ஒவ்வொரு சாக்கு வாங்கினோம். மரத்தூள் பருமனானதாக இருக்க வேண்டும், மாப்போல இருந்தால் பூனைக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சுமுட்டும். அகலமான பேசினில் அடியில் பழைய பத்திரிகைக் கடதாசி இரண்டு மூன்று மடிப்பு. அதற்கு மேல் இரண்டு அங்குலம் அளவுக்கு மரத்தூளும் உமியும். அதற்கு மேல் மெல்லிய மணல் படை ஒன்று, பூனைக்குக் கிண்டிப் பழக்கமான பொருள் என்பதற்காக. பிறகு நாளுக்கு நாள் மணலைக் குறைத்துக்கொண்டு வந்தோம். சிரட்டைக்கரியை நொறுக்கி ஒரு பிடி கலந்தால் மணத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அப்பச்சோடா இருந்தால் அடியில் ஒரு மேசைக்கரண்டி தூவலாம். வாசனைத் தூள், கற்பூரம், சாம்பிராணி ஒன்றும் பேசினுக்குக் கிட்டவும் வேண்டாம். எங்களுக்கு வாசம், பூனைக்கு வெறுப்பு. அது வேறு மூலை தேடும்.

பேசின் எத்தனை என்பதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூட வைக்க வேண்டும் என்பது மிருக வைத்தியர்கள் சொல்லுகிற கணக்கு. நான்கு பூனைக்கு ஐந்து பேசினா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கடைசியில் மூன்று வைத்தோம். இரண்டு பின் விறாந்தையில் தகரத்துக்குக் கீழே, ஒன்று அறையின் மூலையில். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. இரவில் அடுப்பைத் தகரத் துண்டால் மூடினோம்.

காலையும் மாலையும் பீயையும் நனைந்த பகுதியையும் அள்ளிவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். முழுவதையும் கிழமைக்கு இரு தரம் கொட்டி, பேசினைச் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பேசினில் மணம் ஊறிவிடும், அதை மாற்றத்தான் வேண்டும். அள்ளியதைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளிக் கிடங்கில் போட்டு மூடுங்கள். கீரைப் பாத்திக்கு உரமாகப் போட வேண்டாம். கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் பூனைக்காகக்கூட மண்வெட்டி வைக்க வேண்டாம்.

சீமெந்து நிலத்தில் ஊறிய பழைய மணம்தான் கடினம். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். புளிப்பு அமோனியாவைக் கட்டிப் போடும். சாயம் பூசிய நிலமென்றால் ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள். காய்ந்த பின் அப்பச்சோடாவைத் தூவி விடியக் கூட்டலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை வரும், பலன் வராது. தேசிக்காய்த் தோலைப் பூனை போகக்கூடாத மூலையில் வைக்கலாம், அந்த மணம் அதற்குப் பிடிக்காது. மூத்திரம் ஊறிய இடத்தில் சாம்பலைக் கொட்டுவது எங்களூர் வழக்கம். பழைய மூத்திரத்தின் மேல் சாம்பல் பட்டால் அதன் காரம் அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும்.

குளோரினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளையும் கடையில் விற்கிற வெளிறல் திரவத்தையும் பூனை மூத்திரத்தின் மேல் ஊற்றாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், நெஞ்சை அடைக்கும். வினாகிரியோடு சேர்ந்தாலும் அப்படித்தான். தொய்வு உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இது விளையாட்டல்ல. பினாயிலும் பூனைக்கு ஆகாது. காலில் பட்டதை அது நக்கும், பூனையின் ஈரலால் அந்த நஞ்சை முறிக்க இயலாது.

மூன்றாம் கிழமை போனபோது பக்கத்து வீட்டுக்காரி என்னோடு மணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அம்மாவின் கோழியைப் பற்றிக் கதைத்தார். மருமகனின் சாக்கில் அப்போது உமி இருந்தது.

மகளின் பயம் மணத்தோடு நிற்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு பூனையிருக்கும் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டாள். கர்ப்பிணித் தாய்மார் பலர் கேட்கிற கேள்வி. பூனைப் பீயில் டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் அது வெளியேறிய உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் எடுக்கும். நாள்தோறும் அள்ளிவிட்டால் பெரும்பாலான ஆபத்து அத்தோடு போய்விடும். அள்ளுகிறவர் கர்ப்பிணியாக இருக்கக்கூடாது. வேறு ஆளில்லை என்றால் கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு அள்ளி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். இதே கிருமி சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத கீரையிலும், தோட்ட மண்ணிலும் இருக்கலாம். பூனையை மாத்திரம் துரத்திவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால் பலனில்லை. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் பூனை இருப்பதைக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

நான்கு பூனை எட்டாகாமல் இருக்கக் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் வழி. உங்கள் பிரிவின் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் எந்த நாளில் செய்வார்கள், என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் அதோடு கேளுங்கள். தனியே போக முடியாவிட்டால் உங்கள் மாதர் சங்கத்தில் பூனை வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போகலாம்.

கடைசியாக, மணம் திடீரென்று மாறினாலோ, பூனை வழமையை விடக் கூடத் தண்ணீர் குடித்தாலோ அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். கடுவன் பேசினில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வராவிட்டால் பாதை அடைத்துவிட்டது என்று பொருள். விடியட்டும் பார்ப்போம் என்று இருந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வலியில் கத்துகிறதே என்று இரங்கிப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அரைக் குளிசையும் நஞ்சு.