எந்தப் பயனர்?

மென்பொருள் அமைக்கக் கற்கும் மாணவர் தொடக்கத்தில் வரையும் படங்களுள் ஒன்று ‘யூஸ் கேஸ்’ படம். ஒரு பெரிய கட்டம், அதுவே மென்பொருள். கட்டத்துக்குள் சில நீள்வட்டங்கள். அவை மென்பொருள் செய்து தரும் பணிகள். வெளியே குச்சிக் கைகால்களோடு சிறு மனித உருவங்கள். அப்பணிகளை நாடி வருவோர். உருவத்தையும் வட்டத்தையும் இணைக்க ஒரு கோடு. அவ்வளவே. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஐவர் ஜேகப்சன் 1980களில் வகுத்த முறை இது. 1997இல் யூ.எம்.எல். என்னும் பொதுக் குறியீட்டு முறை ஏற்கப்பட்டபோது இதுவும் அதில் இடம் பெற்றது.

படம் எளியது, ஆகவே அதை அற்பமாக எண்ணிவிடுகிறோம். முதுகலை அறிவியல் வகுப்பில் நான் காணும் படங்கள் பலவற்றில் ஒரே ஓர் உருவம். அதன் கீழே ‘பயனர்’ என்று ஒரு சொல். யார் அந்தப் பயனர்? படத்தின் உயிரே இக்கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

நாம் எல்லோரும் அறிந்த ரயில் முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு ஊர் செல்ல 60 நாள் முன்னதாகவே கைபேசியும் கையுமாகக் காத்திருக்கிறோம். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. பதிவு செய்பவரும் பயணம் செய்பவரும் எப்போதும் ஒருவர்தாமா? இங்கே வடக்கில் படிக்கும் மகன் பதிவு செய்கிறான். மதுரையில் வண்டி ஏறுபவர் அவன் தாய். பணம் கட்டுபவன் அவன். குறுஞ்செய்தி வருவதும் அவன் தந்த எண்ணுக்கே. பரிசோதகரிடம் அடையாள அட்டை காட்ட வேண்டியவரோ தாய். இருவரையும் ஒரே உருவமாக வரைந்துவிட்டால், வண்டி தாமதம் என்ற செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்க ஆளிராது.

காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்ட சீட்டைப் பாருங்கள். இணையத்தில் எடுத்ததாயின், இறுதிப் பட்டியல் தயாரானதும் அது தானே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். நிலையத்துச் சாளரத்தில் எடுத்ததாயின், எடுத்தவரே முயன்று ரத்து செய்து பணம் பெற வேண்டும். வண்டி ஒன்றுதான், வழியோ இரண்டு. ‘பயனர்’ என்ற ஒற்றை உருவத்தில் இரண்டாம் வழி கண்ணுக்கே தெரியாது.

தரகரும் கட்டத்துக்கு வெளியே நிற்பவரே. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதி அத்தகையோரை எண்ணி எழுந்தது. அத்தகைய புதிய வட்டம் ஒன்றை வரையும்போது, கைபேசி பழகாத முதியவர் அதை எப்படிக் கடப்பார் என்பதையும் படத்திலேயே பார்த்துவிட வேண்டாமா?

“இத்தனை பேரையும் வரைந்தால் படம் குழம்பாதா?” என்று தோழர்கள் கேட்பதுண்டு. குழம்பாது. உருவம் தனி மனிதரைக் குறிப்பதன்று. அவர் ஏற்கும் பங்கையே குறிக்கும். தேவை வேறுபடும் இடத்தில் மட்டும் உருவம் வேறுபட்டால் போதும். முப்பது வட்டங்களை வரைய நேரம் இருக்கும் நமக்கு மூன்று மனிதரை வரைய நேரம் இல்லையா?

நாளை நம்மில் பலர் மென்பொருள் அமைக்கும் பணிக்குச் செல்வோம். நிரலைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். முதல் படத்திலேயே விடுபட்ட மனிதரோ, தமக்கு அங்கே இடமில்லை என்பதைச் சாளரத்தின் முன் நின்றுதான் அறிவார். ஆகவே, தோழர்களே, யாரேனும் ‘பயனர்’ என்று எழுதும்போது, “எந்தப் பயனர்?” என்று கேளுங்கள்.