தெரியாது என்பதும் ஒரு விடையே

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய கையெழுத்து நூல் இருக்கிறது. 1912இல் இத்தாலியில் இயேசு சபைத் துறவியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கிய புத்தக வணிகர் வாய்னிச்சின் பெயராலேயே அது வழங்கி வருகிறது. அதன் தோல் ஏடுகள் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டவை என்று 2009இல் செய்த கரிமச் சோதனை காட்டியது. உள்ளே வட்டம் வட்டமாகப் படங்கள். ஒன்றின் நடுவே சூரியனின் முகம், ஒன்றில் மீன்கள், ஒன்றில் ஆடு. சுற்றிலும் விண்மீன் ஏந்திய சிறு பெண்ணுருவங்கள், எழுத்து வரிசைகள். அந்த எழுத்து இன்றுவரை படிக்கப்படவில்லை.

படித்துவிட்டோம் என்றவர்கள் பலர் உண்டு. 1921இல் பேராசிரியர் நியூபோல்டு, இது 13ஆம் நூற்றாண்டுத் துறவி ரோஜர் பேக்கன் எழுதியது என்றார். ஒரு வட்டப் படத்தை, பேக்கன் தொலைநோக்கியால் கண்ட ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டம் என்றும் சொன்னார். எழுத்துகளுக்குள் நுண்ணிய மறைகுறிகள் உள்ளன என்பது அவர் வாதம். அவை உலர்ந்த மையில் விழுந்த வெடிப்புகளே என்று 1931இல் மேன்லி என்ற அறிஞர் காட்டினார். நியூபோல்டின் முறைப்படி எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வெவ்வேறு வாசகங்களை வருவிக்கலாம் என்றும் விளக்கினார்.

நம் தமிழிலும் வட்டத்துக்குள் எழுதும் வழக்கம் உண்டு. தண்டியலங்காரம் கூறும் சக்கரபந்தம் அது. நான்கு, ஆறு, எட்டு ஆரக்கால்கள் உள்ள சக்கரத்தில் ஒரு செய்யுளை அடைப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு அதுவும் புதிர்தான். ஆனால், எங்கே தொடங்கி எவ்வழியே செல்வது என்ற விதியைச் சொல்லிக் கொடுத்தால், பத்து மாணவியர் தனித்தனியே படித்தாலும் அதே செய்யுள்தான் வரும். உண்மையான விடைக்கு இதுவே உரைகல்.

இதை நம் பெற்றோர் நன்கு அறிவர். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் வட்டமான ஓர் உறுப்பின் விட்டத்தைக் காலை ஷிப்டில் அம்மா அளந்தாலும், இரவு ஷிப்டில் வேறொருவர் அளந்தாலும் அளவு ஒன்றாக வர வேண்டும். ஆளுக்கு ஓர் அளவு வந்தால் அதை யார் நம்புவார்?

நாங்களும் இவ்வாண்டு ஒரு பாடம் கற்றோம். கணக்குத் தேர்வில் வட்டத்தின் பரப்பளவு பற்றிய கேள்விக்கு எங்களில் ஏழு பேர் ஒரே விடையை எழுதியிருந்தோம். எட்டாவது தோழி மட்டும், "எனக்குப் புரியவில்லை" என்று எழுதி இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தோம். மறுநாள் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னபோது எங்கள் எழுவருக்கும் கை எழவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதிய விடை அது, அதுவும் தவறு. அன்று ஆசிரியை அருகில் அமர்ந்து முதலிலிருந்து விளக்கியது அந்த எட்டாவது தோழிக்குத்தான். இன்று அந்தக் கணக்கை எங்களுக்குச் சொல்லித் தருபவளும் அவளே.

ஆகவே எங்கள் கருத்து இது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய். மாணவியராகிய நாம் விடையோடு வழியையும் எழுதப் பழகுவோம். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும், "தெரியாது" என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருக்க வேண்டுகிறோம். அறுநூறு ஆண்டுகளாகக் காத்திருக்கும் அந்த வட்டங்களை என்றேனும் ஒருவர் படிப்பாரானால், "எனக்கு இன்னும் புரியவில்லை" என்று தொடங்கியவராகவே அவர் இருப்பார்.